முதலில் ஒலி, கடைசியில் கோடு: எஃப்எல் ஸ்டூடியோவில் பாட்டை அடுக்கும் முறை

உறுமி அடிக்கவும் பாடவும் தெரிந்த பையன்களுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பஞ்சமே இல்லை. தைப்பூசம் நெருங்கினால் தாமான் (குடியிருப்பு) வீட்டு ஹாலில் மைக்கை நட்டுப் பதிவும் செய்துவிடுகிறார்கள். தடுமாற்றம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. உறுமி ஒரு கோப்பு, பம்பை ஒரு கோப்பு, ஜால்ரா ஒன்று, குரல் ஏழெட்டுத் துண்டு என்று எல்லாம் கணினிக்குள் வந்தாயிற்று. இதைப் பாட்டாக எப்படி அடுக்குவது? சத்தத்தை ஏற்றி இறக்கும் அந்தக் கோடுகளை எப்போது போடுவது?

இங்கே பலரும் வைத்திருப்பது எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்கள் மாறும், வரிசை மாறாது. அந்த வரிசை இதுதான்: ஒலித் துண்டுகளை முழுப் பாட்டுக்கும் அடுக்கி முடித்த பிறகே ஆட்டோமேஷனை, அதாவது அந்தக் கோடுகளைத் தொட வேண்டும். காரணம் எளிது. ஆட்டோமேஷன் கிளிப் என்பது ஒலியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் இல்லை, தனி ஆள். குரல் துண்டை நாலு பார், அதாவது தாளத்தின் நாலு சுற்று, தள்ளி வைத்தால், அதற்காகப் போட்ட கோடு பழைய இடத்திலேயே நிற்கும். பாதி வரியில் குரல் காணாமல் போகும், யாரும் பாடாத இடத்தில் எதிரொலி பொங்கும். எங்கே கெட்டது என்று தேடியே ஒரு ராத்திரி போய்விடும்.

தொடங்கும் முன்

எஃப்எல் ஸ்டூடியோ பல பதிப்புகளில் விற்கிறது. விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் முன்பு ஆடியோ கிளிப் வசதியே கிடையாது. குரலும் மேளமும் பதிவு செய்து அடுக்கப் போகிறவர்களுக்கு அதற்கு அடுத்த புரொட்யூசர் பதிப்பு நல்லது. காசு சேர்கிற வரை சோதனைப் பதிப்பை ஓட்டலாம். அதில் எல்லாக் கருவிகளும் இருக்கும், பாட்டை வெளியே எடுக்கவும் முடியும். ஆனால் சேமித்த வேலையைத் திரும்பத் திறக்க முடியாது. உரிமம் வாங்கிய பிறகுதான் திறக்கும். ஆகவே சோதனைப் பதிப்பில் பெரிய பாட்டைத் தொடங்காதீர்கள், பழகிக்கொள்ள மட்டும் வையுங்கள். ஒருமுறை வாங்கிவிட்டால் அடுத்தடுத்த புதுப்பிப்புகளுக்குக் காசு கேட்பதில்லை என்பது இந்த நிறுவனத்தின் நல்ல பழக்கம்.

அடுத்தது கோப்புகள். பாட்டுக்கு ஒரு கோப்புறை போட்டு எல்லா ஒலிக் கோப்புகளையும் அதற்குள் வைத்த பிறகே பிளேலிஸ்டுக்கு, அதாவது பாட்டை அடுக்கும் திரைக்கு, இழுங்கள். பெண்டிரைவிலிருந்து நேராக இழுத்துப் போட்டால், பெண்டிரைவைக் கழற்றிய மறுநாள் மென்பொருள் கோப்பைக் காணோம் என்று கை விரிக்கும். வேறு வீட்டுக் கணினிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஃபைல் பட்டியலில் எக்ஸ்போர்ட்டுக்குள் ஜிப் கோப்பாக எடுக்கும் வழி இருக்கிறது. வேலையும் ஒலிகளும் ஒரே பொட்டலமாக வந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வந்த பாட்டை வைத்து வேலை செய்ய வேண்டாம். அது ஏற்கெனவே நசுங்கிய ஒலி, ஒலியின் ஒரு பகுதியை மறைத்துத் திறக்கும் ஃபில்டர் போட்டதும் அதன் ஏழ்மை தெரிந்துவிடும். பாடியவரிடம் நசுக்காத வேவ் கோப்பாக, டாக்குமெண்ட் என்று அனுப்பச் சொல்லுங்கள்.

பிளேலிஸ்டைப் புரிந்துகொள்வது

எஃப்5 அழுத்தினால் பிளேலிஸ்ட் வரும், எஃப்9 அழுத்தினால் ஒவ்வொரு ஒலியின் சத்தத்தையும் சரிசெய்யும் மிக்சர். பிளேலிஸ்டில் மூன்று வகைக் கிளிப்கள் உட்காரும். பேட்டர்ன் கிளிப்பில் நீங்கள் மென்பொருளுக்குள்ளேயே எழுதிய தாளமும் ஸ்வரமும் இருக்கும். ஆடியோ கிளிப் பதிவு செய்த ஒலி. ஆட்டோமேஷன் கிளிப்பில் சத்தமே இல்லை. ஏதோ ஒரு குமிழை எப்போது எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்லும் கோடு மட்டும் இருக்கும்.

முதல் நாளில் எல்லாரையும் குழப்பும் விஷயம் இரண்டு. மேலே பேட்டர்ன், சாங் என்று ஒரு மாற்றுப் பொத்தான் இருக்கிறது. அது பேட்டர்னில் இருந்தால் பிளேலிஸ்டில் அடுக்கியது எதுவும் கேட்காது. சத்தம் வரவில்லையே என்று ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். பிளேலிஸ்டின் மூன்றாவது வரிசையில் வைத்த ஒலி மிக்சரின் மூன்றாவது தடத்துக்குப் போகும் என்று நினைத்துவிடுவோம். அப்படி இல்லை. சாதாரணமாக இழுத்துப் போடும் கிளிப்புக்கு, பிளேலிஸ்ட் வரிசை என்பது கண்ணுக்கான அடுக்கு மட்டுமே. ஒலி எந்த மிக்சர் தடத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கிளிப்பை இரட்டைக் கிளிக் செய்து, திறக்கும் சின்னப் பெட்டியில் தடத்தின் எண்ணை மாற்றிச் சொல்ல வேண்டும். உறுமிக்கு 1, பம்பைக்கு 2, ஜால்ராவுக்கு 3, குரலுக்கு 5 என்று இப்போதே பிரித்துவிடுங்கள். பெயரும் நிறமும் கொடுங்கள். நிறம் பார்க்கிறவருக்கு அலங்காரமாகத் தெரியும். எண்பது பார் நீளப் பாட்டில் பல்லவிக் குரலைத் தேடும்போது அதன் அருமை புரியும்.

வேகமும் பாரும்

தாளம் காட்டும் கிளிக் சத்தத்தைக் காதில் வைத்துப் பதிவு செய்திருந்தால் அதே வேகத்தைத் திட்டத்தில் போடுங்கள். நம் குழுக்கள் பெரும்பாலும் கிளிக் இல்லாமல்தான் அடிக்கின்றன. உற்சாகம் ஏற ஏற வேகமும் ஏறும். அப்படிப்பட்ட பதிவைக் கட்டத்துக்குள் திணிக்க நினைத்தால் மேளத்தின் உயிர் போய்விடும். மேளத்தை ஒரே நீளத் துண்டாக விட்டுவிட்டு, குரலை அதற்கு ஏற்றபடி காதால் கேட்டு வையுங்கள். கட்டத்தில் ஒட்டும் ஸ்னாப்பை அணைத்துவிடுங்கள். கீழே நான் சொல்லும் பார் கணக்கு அங்கே உதவாது. அடுத்த பதிவிலாவது தலைமை உறுமிக்காரர் ஒரு காதில் கிளிக் வைத்துக்கொள்ளட்டும்.

கிளிக்கோடு செய்த பதிவானால் கணக்கு இனிக்கும். நிமிடத்துக்கு 96 அடி, பாருக்கு நாலு அடி என்றால் ஒரு பார் 2.5 நொடி. 3 நிமிடம் 40 நொடிப் பாட்டுக்கு 88 பார் வேண்டும். முகப்பு 8, பல்லவி 8, இடையிசை 8, சரணம் 16, மறுபடி பல்லவி 8, இரண்டாம் இடையிசை 8, இரண்டாம் சரணம் 16, பல்லவி 8, முடிவு 8. கூட்டிப் பாருங்கள், சரியாக 88 வரும். இந்தப் பகுதிகளைத் துண்டு வைக்கும் முன்பே பிளேலிஸ்டின் மேல்பட்டையில் குறிகளாகப் போட்டுவிடுங்கள். வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதைவிட, பகுதி பிரித்த திரையில் கை வேகமாக ஓடும்.

துண்டுகளை வைப்பது

மேளத்திலிருந்து தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதன்மேல்தான் உட்காரப் போகிறது.

உறுமியை வைக்கும்போது கண்ணை நம்பாதீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் பம்பை, தப்பு மேளம் போன்றவற்றின் அலை சுவர்போல் திடீரென்று எழும். அந்தச் சுவரின் அடியைப் பாரின் கோட்டில் வைத்தால் வேலை முடிந்தது. உறுமியின் ஒரு பக்கம் வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் ஒலி. அது மெல்லத் தொடங்கி வீங்கிப் பின் அடங்கும். அந்த வீக்கத்தின் உச்சியைக் கோட்டில் வைத்தால் தேய்ப்பு முன்னாலேயே தொடங்கிவிடும், மேளம் முந்திக்கொண்டு ஓடுவதுபோல் கேட்கும். தொடக்கத்தை வைத்தாலோ சோம்பலாக இழுக்கும். அதே உறுமியின் மறுபக்கத்தில் குச்சி அடிக்கும் இடத்தைத் தேடுங்கள். அது கூர்மையாக எழும். அதைக் கோட்டோடு சேர்த்தால் தேய்ப்பு தானாகவே தன் இடத்தில் போய் விழும். நுணுக்கமாக நகர்த்த ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இழுங்கள், ஸ்னாப் தற்காலிகமாக விலகும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஜால்ராவோடு சேர்த்துக் கேளுங்கள். ஜால்ராவும் அந்த அடியும் ஒன்றாக விழுந்தால் சரி.

வெட்டுவதற்கு சி அழுத்தினால் வெட்டுக் கருவி வரும். கிளிப்பின் குறுக்கே மேலிருந்து கீழாக இழுத்தால் இரண்டாகும். வெட்டினாலும் கோப்பு அழிவதில்லை, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மறைந்த பகுதி திரும்ப வரும். அதனால் பயப்படாமல் வெட்டலாம். குரலை வரிக்கு வரி வெட்டுங்கள், சொல்லுக்குச் சொல் வேண்டாம். மூச்சுச் சத்தத்தை எல்லாம் துடைத்தெடுக்காதீர்கள். மூச்சில்லாத பக்திப் பாட்டு எந்திரம் பாடியதுபோல் இருக்கும். செம்பனைக் குலை லாரி போன சத்தமும் தகரக் கூரையில் மழை விழுந்த சத்தமும் வரிகளுக்கு நடுவே இருந்தால் அவற்றை வெட்டி வீசுங்கள். வரிக்குள்ளேயே புகுந்திருந்தால் மென்பொருளோடு மல்லுக்கட்டாமல் மழை விட்டதும் திரும்பப் பாடச் சொல்வது மேல்.

வெட்டிய இடத்தில் டப்பென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால், அலை உயரத்தில் இருக்கும்போது வெட்டிவிட்டீர்கள் என்று பொருள். கிளிப்பின் ஓரத்தில் மிகச் சிறிய ஃபேடு, அதாவது சத்தம் மெல்ல எழும், அடங்கும் சரிவு, கொடுத்தால் போய்விடும். 2022 கடைசியில் வந்த எஃப்எல் ஸ்டூடியோ 21 முதல் இதைப் பிளேலிஸ்டில் கிளிப்பின் மேலேயே இழுத்துச் செய்யலாம். இதற்கெல்லாம் ஆட்டோமேஷன் கோடு போடத் தேவையில்லை.

எஸ் அழுத்தினால் வரும் ஸ்லிப் கருவியைப் பலரும் தொடுவதே இல்லை. கிளிப்பின் இரண்டு ஓரமும் அசையாமல் நிற்க, உள்ளே இருக்கும் ஒலி மட்டும் முன்னும் பின்னும் நகரும். பாடகர் ஒரு வரியைக் கொஞ்சம் முந்தி எடுத்துவிட்டார், ஆனால் துண்டு சரியான இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்றால் இதைப்போல் கைகொடுக்கும் கருவி வேறில்லை.

ஒரு பையன் இப்படிக் கேட்டான்:

“அண்ணே, என் குரல் ஏண்ணே தாத்தா குரல் மாதிரி கேக்குது?”

“ஓரத்தப் புடிச்சு இழுத்தியா?”

“ஆமாண்ணே. கொஞ்சம் நீளமாக்கலாம்னு.”

பிளேலிஸ்டில் ஸ்ட்ரெட்ச் பொத்தான் எரிந்துகொண்டிருந்தால் ஓரத்தை இழுப்பது வெட்டுவதாக இருக்காது, ஒலியையே இழுக்கும். கிளிப்பின் அமைப்பில் ரீசாம்பிள் என்று இருந்தால் நீளத்தோடு சுருதியும் இறங்கும். ஷிஃப்ட்டோடு எம் அழுத்தி அந்தப் பொத்தானை அணைத்துவிட்டு, செய்ததைப் பின்வாங்கிவிடுங்கள்.

திரும்ப வரும் பகுதிகளுக்குத் துண்டைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலோடு பி அழுத்துங்கள், ஏ, பி, சியில் வரும் அந்த பி. பக்கத்திலேயே நகல் உட்காரும். இங்கே ஒரு நுணுக்கம். நகல்கள் எல்லாம் ஒரே மூலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றின் அமைப்புப் பெட்டியில் சுருதியை மாற்றினால் எல்லாப் பல்லவியும் மாறும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் கிளிப்பின் இடது மேல் மூலையில் இருக்கும் சின்னக் குறியைச் சொடுக்கி மேக் யூனிக் கொடுங்கள். அது தனிக்குடித்தனம் போய்விடும்.

இப்போது 88 பாரும் நிரம்பிவிட்டன என்று வையுங்கள். கேட்டுப் பார்த்தால் முதல் பல்லவியிலேயே எல்லாம் ஒலித்துவிடும், கடைசிப் பல்லவிக்கு ஏற ஒன்றும் மிஞ்சியிருக்காது. இதற்கும் வால்யூம் கோடு போட ஓடாதீர்கள். டி, அதாவது எஸ், டி, யூவில் வரும் அந்த டி, அழுத்தினால் வரும் மியூட் கருவியால் துண்டுகளை அணைத்துப் பாருங்கள். முதல் பல்லவியில் பம்பை வேண்டாம். சரணத்தின் முதல் எட்டு பாரில் ஜால்ராவும் குரலும் மெல்லிய உறுமியும் போதும். இரண்டாம் சரணம் முடியும் கடைசி ஒரு பாரில் எல்லாவற்றையும் நிறுத்திக் குரலை மட்டும் விடுங்கள். அடுத்த பாரில் மேளம் மொத்தமும் விழும்போது, ஒரு டெசிபெல் கூட ஏற்றாமலே பாட்டு இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்கும். நான் கேட்கும் புதியவர்களின் பாட்டுகளில் குறை இங்கேதான் இருக்கிறது. கோடு போடத் தெரியாதது குறையே அல்ல, நிறுத்தத் தெரியாததுதான்.

இந்த நிலையில் சேமித்து ஒரு நாள் ஆறப் போடுங்கள். மறுநாள் கேட்டும் பகுதிகளை மாற்றத் தோன்றவில்லை என்றால் மட்டும் அடுத்த வேலைக்கு வாருங்கள்.

ஆட்டோமேஷன்

எந்தக் குமிழை அசைக்க வேண்டுமோ அதன்மேல் வலது கிளிக் செய்து கிரியேட் ஆட்டோமேஷன் கிளிப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் பிளேலிஸ்டின் மேல்பட்டையில் கண்ட்ரோலை அழுத்தி இழுத்து, கோடு வேண்டிய பார்களை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த நீளத்துக்கே கிளிப் பிறக்கும். இல்லையென்றால் பாட்டு முழுதும் நீண்டு கிடக்கும். கோட்டில் வலது கிளிக் செய்தால் புதுப் புள்ளி. புள்ளியை இழுத்தால் உயரம் மாறும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் சின்ன வட்டத்தை இழுத்தால் கோடு வளையும். புள்ளியின் மேல் வலது கிளிக் செய்து ஹோல்ட் கொடுத்தால் சரிவே இல்லாமல் படிபோல் சட்டென்று மாறும்.

கோட்டுக் கிளிப்பைத் தொடர்புடைய ஒலியின் வரிசைக்கு நேர் கீழே, அதே நிறத்தில் வையுங்கள். கோடுகளை எல்லாம் பிளேலிஸ்டின் அடியில் குவித்து வைப்பவர்கள் உண்டு. எந்தக் கோடு யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது.

எல்லாரும் முதலில் போடும் கோடு மிக்சரின் சத்த ஏற்றக் கம்பிக்குத்தான். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கம்பி மாற்றமில்லாமல் நிற்கும் இடம், அதாவது 0 டெசிபெல், கோட்டின் உச்சியில் இல்லை; 80 விழுக்காட்டு உயரத்தில் இருக்கிறது. உச்சிக்கு இழுத்தால் 5.6 டெசிபெல் கூடுதலாகிவிடும். முடிவில் மெல்ல இறக்குவதற்காக ஆரம்பப் புள்ளியை ஆகாயத்துக்கு ஏற்றிவிட்டு, கடைசிப் பல்லவி ஏன் பிளிறுகிறது என்று கேட்பார்கள். இழுக்கும்போது மேலே இடது மூலையில் எண் ஓடும், அதைப் பார்த்து 80இல் நிறுத்துங்கள்.

என்னைக் கேட்டால் அந்தக் கம்பிக்குக் கோடே போட வேண்டாம். கோடு போட்டபின் கம்பியைக் கையால் நகர்த்தினாலும் கோடு அதைத் திரும்ப இழுத்துவிடும், கலவை செய்யவே முடியாது. அந்தத் தடத்தில் ஃப்ரூட்டி பேலன்ஸ் என்ற சின்னச் செருகியைப் போட்டு, அதன் வால்யூம் குமிழுக்குக் கோடு போடுங்கள். ஏற்ற இறக்கம் அங்கே நடக்கும், மிக்சர் கம்பி உங்கள் கைக்கு மிஞ்சும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கோட்டுக் கிளிப் முடிந்ததும் குமிழ் பழைய நிலைக்குத் திரும்பாது. கடைசிப் புள்ளியில் விட்ட இடத்திலேயே நிற்கும். இடையிசையில் குரலின் எதிரொலியை ஏற்றிவிட்டு அப்படியே கிளிப்பை முடித்தால், சரணம் முழுக்கக் குகைக்குள் பாடுவதுபோல் இருக்கும். ஏற்றிய கோடு இறங்கி முடிய வேண்டும்.

முதல் பாட்டுக்கு இரண்டே இரண்டு கோடுகள் போதும். ஒன்று, முகப்பின் கடைசி நாலு பாரில் மேளத்துக்கு ஃபில்டர். மேளத் தடங்களை ஒரு மிக்சர் தடத்தில் சேர்த்து அதில் ஃப்ரூட்டி ஃபில்டரைப் போடுங்கள். எதுவரை ஒலி கேட்கலாம் என்று சொல்லும் கட்-ஆஃப் குமிழுக்குக் கோடு போட்டு, மூடிய நிலையிலிருந்து மெல்லத் திறந்து, பல்லவியின் முதல் அடியில் முழுதும் திறந்துவிடுங்கள். நேர்கோடாக ஏற்றினால் தொடக்கத்திலேயே பாதி திறந்துவிடும், கடைசியில் ஒன்றும் நடக்காது. நடு வட்டத்தைக் கீழே இழுத்து, கடைசி ஒரு பாரில் வேகமாக ஏறும்படி வளையுங்கள். தொலைவில் கேட்ட மேளம் தெருமுனை திரும்பி நம் முன்னால் வந்துவிட்டதுபோல் இருக்கும்.

இரண்டாவது, வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் எதிரொலி. தனியாக ஒரு மிக்சர் தடத்தில் எதிரொலி தரும் ரிவெர்பை வைத்து, குரல் தடத்திலிருந்து அதற்கு ஒரு வழி திறந்து, எவ்வளவு போக வேண்டும் என்று சொல்லும் அந்தக் குட்டிக் குமிழுக்குக் கோடு போடுங்கள். “வேல் முருகா” என்று பல்லவி முடிகிற இடத்தில் “முருகா”வுக்கு முன் ஹோல்டாகச் சட்டென்று ஏற்றி, சொல் முடிந்ததும் சட்டென்று இறக்குங்கள். அடுத்த வரி சுத்தமாகத் தொடங்க, முந்தைய சொல்லின் வால் மட்டும் பின்னால் கரையும்.

பல்லவி மூன்று முறை வருவதால் இந்தக் கோட்டை நகல் எடுத்து வைக்கலாம். நகல்கள் இங்கும் ஒரே தாய்தான். மூன்றாம் பல்லவியில் மட்டும் எதிரொலி நீள வேண்டுமென்றால் மேக் யூனிக் கொடுத்துவிட்டுத் தொடுங்கள். ஒரே குமிழை இரண்டு கோட்டுக் கிளிப்கள் ஒரே நேரத்தில் இழுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டின் வேகத்துக்குக் கோடு போடும் ஆசையை இப்போதைக்கு அடக்கி வையுங்கள். பதிவு செய்த ஒலிகளோடு அது எளிதில் ஒத்துப்போகாது.

கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னால்

சொல்வார்கள். “இடையிசைய இன்னும் நாலு பார் நீட்டுப்பா” என்று குழுவின் பெரியவர் சொன்னால் மறுக்கவா முடியும்? அப்போது ஒவ்வொரு துண்டாகத் தள்ளாதீர்கள். மேல்பட்டையில் நாலு பாரைத் தேர்ந்து கண்ட்ரோலோடு இன்சர்ட் அழுத்தினால், அதற்குப் பின்னால் இருக்கும் ஒலியும் கோடும் எல்லாம் சேர்ந்து நாலு பார் நகரும். குறைக்க வேண்டுமென்றால் கண்ட்ரோலோடு டெலீட். அந்த எல்லைக் கோட்டில் ஏதாவது கிளிப் குறுக்கே கிடந்தால் அது வெட்டுப்படும், அந்த இடத்தை மட்டும் ஒருமுறை கேட்டுச் சரிசெய்யுங்கள். ஒரு வரியையும் அதன் கோட்டையும் மட்டும் நகர்த்துவதானால் இரண்டையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு ஜி அழுத்திக் குழுவாக்குங்கள். அப்புறம் ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும்.

வெளியே எடுக்கும் முன் பிளேலிஸ்டின் வலது கோடிக்குப் போய்ப் பாருங்கள். கடைசிக் கிளிப் எங்கே முடிகிறதோ அதுவரை பாட்டு என்றுதான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஒலி 88ஆம் பாரில் முடிந்து, மறந்துபோன கோடு ஒன்று 120 வரை நீண்டிருந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் வெறும் அமைதி பாட்டோடு சேர்ந்து வரும். கோட்டின் வாலை வெட்டிவிட்டு கண்ட்ரோலோடு ஆர் அழுத்தி, வேவ் கோப்பாக எடுங்கள். முடிவில் எதிரொலி இருந்தால் லீவ் ரிமெய்ண்டர் (மிச்சத்தையும் விட்டுவை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கடைசி “முருகா” கத்தரித்ததுபோல் நின்றுவிடும். வந்த கோப்பை ஹெட்போனில் கேட்டது போதாது. காரில் போட்டு ஈப்போ வரை ஒரு நடை போய் வாருங்கள், முப்பது கிலோமீட்டருக்குள் குரல் மேளத்தில் மூழ்குகிறதா என்பது தெரிந்துவிடும்.